சுங்கானில் மிஞ்சும் புகையிலையைச் சுவைக்காக மறுபடி பயன்படுத்தலாமா?

வினா: இலைச்சருகு

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக்கும் மேலாகச் சுங்கான் (புகைக்குழாய், பைப்) புகைத்து வருகிறேன். சுங்கானைக் கையாளும் விதம் ஓரளவு கைவந்திருந்தாலும், புகையிலைக் கலவைகளைப் பற்றிய அறிவு எனக்கு இன்னும் போதவில்லை. ஆகவே கீழ்க்காணும் ஐயத்தை அனுபவமுள்ளவர்கள் தீர்த்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு முறை புகைத்து முடித்த பிறகும் சுங்கானின் கிண்ணத்து அடியில் சுண்டுவிரல் நகத்தளவு புகையிலை ஈரமாகவும் பாதி கருகியும் தங்கிவிடுகிறது. இதை டாட்டில் என்பார்கள். அடிக்கசடு என்றே நான் எழுதுகிறேன். 1892-இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், முந்தைய நாள் சுங்கான்களில் மிஞ்சிய கசடுகளையெல்லாம் உலர்த்திச் சேர்த்துவைத்து, மறுநாள் காலை உணவுக்கு முன்பாக ஹோம்ஸ் புகைப்பதாக ஆர்தர் கானன் டாயில் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து நானும் அடிக்கசட்டை வீசாமல் ஒரு பீங்கான் தட்டில் தட்டிச் சேர்த்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, விரல்களுக்கிடையே தேய்த்து உதிர்த்து ஒரு தகர டப்பாவில் போட்டுவைக்கத் தொடங்கினேன். இப்படி நான்கு மாதங்களாகச் சேர்த்ததில் டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது.

புதிய புகையிலை மூன்று பங்குக்கு இந்தக் கசடு ஒரு பங்கு என்று கலந்து புகைத்தேன். முதல் இரண்டு வாரங்களில் சுவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புகையில் ஒரு கனமும், விறகுப் புகையை நினைவூட்டும் வாசனையும், வழக்கத்தைவிடக் கூடுதலான காட்டமும் இருந்தன. ஆனால் நாளாக ஆக நாக்கின் பின்பகுதியில் கசப்பு ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது; பாதிக் கிண்ணம் தாண்டுவதற்குள் விக்கல் எடுக்கிறது; எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. சென்ற வாரம் ஒருமுறை தலை சுற்றி, சுங்கானைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இப்போது அந்தச் சுங்கானில் புதிய புகையிலையை மட்டும் இட்டுப் புகைத்தாலும் புளித்த வாடை வருகிறது.

இது தவிர, வெவ்வேறு டப்பாக்களின் அடியில் ஐந்தாறு கிராம் வீதம் புகைக்காத புகையிலையும் மிஞ்சியிருக்கிறது. வனிலா மணமூட்டிய கேவண்டிஷ் என்ற மென்மையான புகையிலை இரண்டு, வர்ஜீனியா ஃபிளேக் (அழுத்தித் தகடாக வெட்டிய வர்ஜீனியா இலை) ஒன்று, வர்ஜீனியாவும் பெரிக்கும் சேர்ந்தது ஒன்று, லட்டாக்கியா கலந்த ஆங்கிலப் பாணிக் கலவை ஒன்று என மொத்தம் ஐந்து. எல்லாமே தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டன.

கசப்பில்லாமல் அந்தக் கனத்தை மட்டும் பெறுவதற்கு அடிக்கசட்டை எந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும்? உலர்த்துவதில் நான் பிழை செய்கிறேனா? டப்பா மிச்சங்களையும் அதனுடன் சேர்த்து ஒரே கலவையாக்கலாமா?

மறுமொழி 1: பழங்கிண்ணம்

தங்கள் கேள்வியில் இரண்டு பொருள்கள் ஒரே பெயரில் வந்திருக்கின்றன. புகைக்காமல் டப்பாவில் மிஞ்சிய இலையும் மிச்சம்தான், கிண்ணத்தின் அடியில் தங்கிய கசடும் மிச்சம்தான் என்றாலும், முதலாவது இன்னும் புகையிலையாகவே இருக்கிறது. இரண்டாவது அப்படி இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் விகிதத்தைப் பற்றிய கேள்விக்கு இடமே இருக்காது என்பது என் கருத்து.

கிண்ணத்துக்குள் நடப்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மேலே கங்கு கனன்றுகொண்டிருக்கிறது. அதன் வெப்பம் அடுத்த அடுக்கை எரிப்பதற்கு முன்பே சுடவைத்து, அதிலிருக்கும் ஈரத்தையும் நிக்கோட்டினையும் எண்ணெய்ப் பொருள்களையும் ஆவியாக்கிவிடுகிறது. நாம் இழுக்கும்போது அந்த ஆவியும் புகையும் கீழ்நோக்கி வந்து, இன்னும் சூடேறாத அடி இலைகளின் மேல் பட்டுக் குளிர்ந்து படிகின்றன. வாலையில் வடிப்பதைப் போன்ற வேலைதான் இது. வடிந்ததைத் தாங்கும் பாத்திரமாக அடி இலை இருக்கிறது. இலையில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போதே நீராவி உண்டாவதால், எவ்வளவு உலர்ந்த புகையிலையை இட்டாலும் அடியில் சிறிதளவு ஈரம் சேர்ந்தே தீரும். கிண்ணம் முடியும் தறுவாயில் அடியில் கிடப்பது, மேலிருந்த அத்தனை இலைக்கும் வடிகட்டியாகப் பயன்பட்டு, தார் என்ற கருமையான பிசினையும் நிக்கோட்டினையும் உறிஞ்சி ஊறிப்போன ஒரு பஞ்சு என்றே சொல்ல வேண்டும்.

இதைத் தாங்கள் உலர்த்தும்போது வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர் மட்டுமே. நிக்கோட்டினின் கொதிநிலை 247 டிகிரி செல்சியஸ். தட்டில் நிழலில் கிடக்கும் கசட்டிலிருந்து அது எளிதில் போய்விடாது. தாரோ அதைவிடவும் அசையாதது. மாறாக, இலைக்கு நறுமணம் தரும் எளிதில் ஆவியாகும் பொருள்கள் கங்கின் சூட்டிலேயே முதலில் போய்விடுகின்றன. ஆகவே உலர்ந்த கசட்டில் வாசனை குறைந்து, காட்டமும் கசப்பும் கூடி நிற்கின்றன. தங்களுக்கு எடுக்கும் விக்கலும் ஊறும் எச்சிலும் தலைச்சுற்றலும் நிக்கோட்டின் அளவுமீறியதன் அடையாளங்கள். சுங்கான் புகை காரத்தன்மை மிக்கதாக இருப்பதால், உள்ளிழுக்காமல் வாயில் வைத்திருந்தாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் உடலில் சேரும். உள்ளிழுக்கவில்லையே என்ற தைரியம் இங்கே உதவாது.

முதல் இரண்டு வாரங்கள் நன்றாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. கேவண்டிஷ் போன்ற மென்மையான புகையிலைக்குப் பழகிய நாக்கு, சிறிது காட்டமும் கரிவாசனையும் கலந்தவுடன் அதை நிறைவு என்றே உணரும். தாங்கள் தேடியது அந்த நிறைவைத்தான். அதைத் தருவதற்கென்றே பதப்படுத்திய இலைகள் இருக்கும்போது கசட்டிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. விறகுப் புகை வாசனை வேண்டுமென்றால் லட்டாக்கியா இருக்கிறது. நறுமணச் செடிகளும் மரக்கட்டைகளும் கனலும் புகையில் நெடுநாள் தொங்கவிட்டுப் பதப்படுத்திய இலை அது. முன்பு சிரியாவிலும் பின்னர் பெரும்பாலும் சைப்ரஸிலும் அதை உண்டாக்கினார்கள். காட்டமும் வேண்டும் என்றால், கடினமரத் தீப்புகையில் பதப்படுத்தப்படும் கென்டக்கி இலை பொருந்தும். உலர்பழ வாசனையும் மிளகின் சுறுக்கும் கலந்த ஆழம் வேண்டுமென்றால் பெரிக். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்தி மாதக்கணக்கில் நொதிக்கவைத்துச் செய்யப்படும் இலை அது. பத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே கலவை முழுவதும் அதன் கை தெரியும்.

ஹோம்ஸ் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலைச் சுங்கானை, கதையைச் சொல்லும் வாட்சன் குறிப்பிடுவது தம் நண்பரான ஹோம்ஸின் ஒழுங்கற்ற, தன் உடலைப் பொருட்படுத்தாத வாழ்க்கையை வாசகருக்குக் காட்டுவதற்காக. அதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 2: அணையாக்கங்கு

முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கிண்ணத்தில் மிஞ்சுவது அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பாதிக் கிண்ணம் புகைத்தவுடன் வேண்டுமென்றே நிறுத்தி, அப்படியே ஆறவிட்டு, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மறுபடி பற்றவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. நானும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதில் இலை கிண்ணத்தைவிட்டு வெளியே வருவதில்லை, எதனுடனும் கலக்கப்படுவதும் இல்லை. முதல் பாதியின் எண்ணெய்கள் இரண்டாம் பாதியில் படிந்து ஊறுவதால், மறுபடி பற்றவைக்கும்போது சுவை ஒரு படி இருண்டு, இனிப்புக் குறைந்து, அடர்த்தியாகக் கிடைக்கும். தாங்கள் விரும்பிய கனம் அதுவாகவே இருக்கக்கூடும்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நிறுத்தும்போதே தண்டுக்குள் பைப் கிளீனரை (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியை) விட்டு ஈரத்தை எடுத்துவிட வேண்டும். மேற்பரப்பில் உள்ள சாம்பலை மட்டும் மெதுவாகச் சாய்த்துக் கொட்டிவிட்டு, கீழே உள்ளதைக் கிளறாமல் விட வேண்டும். வர்ஜீனியா, பெரிக், லட்டாக்கியா வகைகளில் இது நன்றாக வரும். மணமூட்டிய கலவைகளில் வராது. காய்ந்துபோகாமல் இருக்க அவற்றில் சேர்க்கப்படும் புரோபிலீன் கிளைக்கால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், ஆறிய கிண்ணம் நமத்துப்போய்ப் புளித்த வாடை அடிக்கிறது. ஒருமுறை வனிலாக் கலவையில் இப்படிச் செய்து பார்த்தேன். மறுநாள் முதல் இழுப்பிலேயே தொண்டை காறியது, முழுவதையும் கொட்டிவிட்டேன். ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படி மறுபடி பற்றவைத்தாலும், கடைசியில் அடியில் தங்கும் கசடு கசடுதான்; அதை நானும் எறிந்துவிடுகிறேன்.

வினா எழுப்பியவர்: இலைச்சருகு

இருவருக்கும் மிக்க நன்றி. வடிகட்டி என்ற விளக்கம் மனத்தில் பதிந்துவிட்டது. இன்று காலை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்; நான்கு மாதங்களாகப் பழகிப்போன மூக்கு இதுவரை சொல்லாததை இப்போது சொல்லிற்று. அணைந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் எழும் வாடை அது. அடியில் இரண்டு துணுக்குகளின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு படர்ந்திருப்பதையும் கண்டேன். அப்படியே மூடிக் குப்பையில் சேர்த்துவிட்டேன்.

டப்பா மிச்சங்களை என்ன செய்வது என்பதை யாராவது விளக்க முடியுமா? அவற்றையும் எறிய மனம் வரவில்லை.

மறுமொழி 3: நான்குஜாடி

அவற்றை எறியவே வேண்டாம். மிச்சங்களைக் கலந்து புதிய சுவை காண்பது இந்தப் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஐந்தையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். லட்டாக்கியா எங்கே சேர்ந்தாலும் தன் குரலை மட்டுமே கேட்கச் செய்யும். வனிலா கேவண்டிஷும் லட்டாக்கியாவும் சேர்ந்த ஒரு கலவையை ஒருமுறை அவசரத்தில் உண்டாக்கினேன். வனிலாவின் இனிப்பு மேலே மிதக்க, அதன் கீழே புகைவாசனை தனியாக நிற்க, இரண்டும் கடைசி வரை ஒட்டவே இல்லை. ஆகவே வனிலாக் கேவண்டிஷ் இரண்டையும் ஒரு ஜாடியிலும், வர்ஜீனியா ஃபிளேக், வர்ஜீனியா-பெரிக், லட்டாக்கியாக் கலவை மூன்றையும் இன்னொரு பக்கமும் பிரித்துவையுங்கள்.

அடுத்து, கலப்பதற்கு முன் சல்லடை. டப்பாவின் அடியில் மிஞ்சுவதில் இலைக் கீற்றுகளைவிடத் தூள் அதிகம் இருக்கும். தூள் நெருங்கிப் படிந்து காற்றை அடைக்கும், சூடாக எரியும், துளைக்குள் இழுபட்டு நாக்குக்கு வரும். தேநீர் வடிகட்டும் அளவுக் கண்ணியுள்ள சல்லடையில் லேசாகத் தட்டி, கீழே விழும் தூளைக் கழித்துவிடுங்கள். ஃபிளேக் துண்டுகளை உள்ளங்கையில் தேய்த்து மற்றவற்றின் அளவுக்கு உதிர்த்துக்கொள்ளுங்கள். கீற்றுகள் ஏறக்குறைய ஒரே பருமனில் இருந்தால்தான் கங்கு சீராக இறங்கும். காய்ந்த நிலையில் தேய்த்தால் எல்லாமே தூளாகிவிடும் என்பதால், ஃபிளேக்கை மட்டும் பதம் கொடுத்த பிறகு உதிர்ப்பது நல்லது.

பதம் கொடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இலையின் மேல் நேரடியாகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. பட்ட இடம் நனைந்து, படாத இடம் காய்ந்தே இருக்கும். பழத்துண்டு போடும் பழைய வழக்கமும் வேண்டாம். அது இலைக்கு ஈரத்தைத் தருவதற்கு முன்பே பூஞ்சையைத் தந்துவிடும். நான் செய்வது இதுதான்: அகலமான பாத்திரத்தில் இலையைப் பரப்பி, சுத்தமான துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து இறுகப் பிழிந்து, இலையைத் தொடாதபடி பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டிவிடுவேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இலையைப் புரட்டிவிட வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களால் அழுத்தும்போது நொறுங்கும் ஒலி எழாமல், விட்டவுடன் மெதுவாக விரிந்துகொண்டால் பதம் வந்துவிட்டது. அழுத்திய உருண்டை விரியாமல் அப்படியே நின்றால் ஈரம் அதிகம். துணியை எடுத்துவிட்டுச் சற்று நேரம் ஆறவிடுங்கள்.

மிச்சங்கள் ஐந்தாறு கிராம்தான் என்பதால் முழுவதையும் ஒரே மூச்சில் கலந்துவிட வேண்டாம். ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் போதும். சிறிய மின்தராசு இருந்தால், வர்ஜீனியா ஒரு கிராம், வர்ஜீனியா-பெரிக் அரை கிராம், லட்டாக்கியாக் கலவை அரை கிராம் என்று முதல் சோதனையைத் தொடங்கலாம். அது மிகவும் புகைவாசனையாகத் தோன்றினால் அடுத்ததில் லட்டாக்கியாவைக் கால் கிராமுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு சோதனையின் எடையையும் சுவையையும் உடனே எழுதிவைக்க வேண்டும். நன்றாக அமைந்த ஒரு கலவையைக் குறிப்பெடுக்காமல் புகைத்துவிட்டு, பிறகு பல மாதங்கள் அதையே தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

விகிதம் பிடித்துவிட்டால், மீதியைக் கலந்து, இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் நிரப்பி, நாளைக் குறித்து ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். கலந்த அன்றே புகைத்தால் மூன்று இலைகளும் தனித்தனியாகப் பேசும். மூன்று, நான்கு வாரங்கள் பொறுத்தால் ஒன்றின் எண்ணெயும் ஈரமும் மற்றொன்றில் பரவி ஒரே சுவையாகத் திரண்டுவரும். வர்ஜீனியா இலையில் இயற்கையான சர்க்கரை மிகுதி. மூடிய ஜாடியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது அதன் கூர்மை தணிந்து உலர்ந்த பழத்தின் இனிப்பு கூடும். லட்டாக்கியாவோ காலம் செல்லச் செல்ல மென்மையாகும், புகைவாசனை மங்கும். ஆகவே லட்டாக்கியாவை முதன்மையாக விரும்புபவர்கள் மிக நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

வனிலாக் கேவண்டிஷ் மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டால், அவற்றில் மேல்மணம் பெரும்பாலும் போயிருக்கும் என்பதே என் ஊகம். அடிப்படை இலை நன்றாகவே இருக்கும். மணமூட்டாத பர்லி என்ற இலைவகை கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். பர்லியில் சர்க்கரை ஏறக்குறைய இல்லாததால் அது பக்கத்து இலையின் இனிப்பை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

ஜாடியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் உற்றுப் பாருங்கள். பழைய வர்ஜீனியாவின் மேல் வெளிச்சத்தில் மின்னும் பொடிப்பொடியான படிகங்கள் வருவது உண்டு, அதில் தீங்கில்லை. மின்னாமல், பஞ்சு போல, நூல் நூலாக எழும்பி நின்று மக்கல் வாடை அடித்தால் அது பூஞ்சை. அந்த ஜாடி முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மேற்பகுதியை மட்டும் அகற்றிவிட்டு மீதியைக் காப்பாற்ற முயலக் கூடாது.

மறுமொழி 4: சோதனைக்குழாய்

வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன். இவை யாரையும் புண்படுத்துவதற்காக அல்ல. வினா எழுப்பிய நண்பருக்குத் தலை சுற்றியதைப் படித்தபோது உண்மையிலேயே கவலையாக இருந்தது.

எந்தப் புகையிலைப் புகையும் தீங்கற்றதல்ல. சுங்கான் புகைப்போரிடம் உதட்டுப் புற்று மிகுதியாகக் காணப்படுவதை 1795-லேயே ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் தாமஸ் ஸோமெரிங் எழுதியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் புகையிலைப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாம் இதை அறிந்தேதான் புகைக்கிறோம். ஆனால் அடிக்கசட்டில் இந்தப் பொருள்கள் ஏற்கெனவே ஒருமுறை படிந்திருக்கின்றன. பென்சோபைரீன் போன்றவை சாதாரண வெப்பத்தில் ஆவியாகாதவை. உலர்த்தினால் போகாது, இரண்டாம் முறை எரிக்கும்போது புதிதாக உண்டாவதோடு சேர்ந்துகொள்ளும். சுவை எப்படியிருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே கசட்டைக் கலக்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, மிச்சப் புகையிலையை மதுவில் ஊறவைத்து அந்த மதுவுக்குச் சுவையேற்றும் வழக்கத்தைப் பற்றியது. இந்தத் திரியில் யாரும் அதைக் கேட்கவில்லை என்றாலும் ‘சுவைக்காக மறுபடி பயன்படுத்துதல்’ என்று தேடி வருபவர்கள் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன். நிக்கோட்டின் நீரிலும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். ஊறிய திரவத்தில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை நாக்கு சொல்லாது. புகைக்கும்போது தலை சுற்றினால் சுங்கானைக் கீழே வைத்துவிடலாம். விழுங்கியதை அப்படி நிறுத்த முடியாது. உண்ணும் பொருளிலும் பருகும் பொருளிலும் புகையிலையை, அதிலும் கசட்டை, எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. கசட்டை எறியும்போதும் குழந்தைகளின் கைக்கும் வளர்ப்பு விலங்குகளின் வாய்க்கும் எட்டாதபடி மூடிய தொட்டியில் போடுங்கள். ஒரு சிறு துணுக்கும் அவர்களுக்கு அதிகம்.

வினா எழுப்பியவர்: இலைச்சருகு

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புளித்த வாடை அடித்த சுங்கான் பிரையர் மரத்தாலானது. கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்பி, தண்டுப் பக்கத் துளையைப் பஞ்சால் அடைத்து, தூய சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் வைத்திருந்தேன். வெண்மையாக இருந்த உப்பு மறுநாள் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. அதைக் கொட்டித் துடைத்து ஒரு வாரம் காயவிட்ட பிறகு வாடை முழுவதும் போய்விட்டது.

ஜாடிக் கலவையில் மூன்றாம் சோதனையில் விகிதம் பிடிபட்டது: வர்ஜீனியா ஒன்றேகால் கிராம், வர்ஜீனியா-பெரிக் அரை கிராம், லட்டாக்கியாக் கலவை கால் கிராம். நான்கு வாரம் பொறுத்து நேற்று மாலை திறந்தேன். நான் கசட்டில் தேடிய அந்த விறகு வாசனை இதில் தெளிவாக, கசப்பின் கலப்பே இல்லாமல் இருந்தது. விக்கலும் எடுக்கவில்லை. மொத்தமே ஓரிரு கிண்ணத்துக்குத்தான் வரும் என்பது மட்டும் வருத்தம்.

ஒரே ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. புகையிலையை அரை மணி நேரம் காகிதத்தில் பரப்பி உலர்த்திய பிறகே இப்போது நிரப்புகிறேன். அடிக்கசடு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் முழுவதும் நின்றபாடில்லை. அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

மறுமொழி 5: பழங்கிண்ணம்

நல்ல செய்தி, படித்து மகிழ்ந்தேன். மூன்று இடங்களைப் பாருங்கள். நிரப்பும்போது அடியில் இலையை அழுத்தாமல் உதிர்த்து விடுங்கள். மேலே வரவரச் சற்று இறுக்கலாம். இழுத்தால் பானத்தை உறிஞ்சுகுழலில் உறிஞ்சுவது போன்ற சிறு தடை மட்டுமே தெரிய வேண்டும். புகைக்கும்போது கடைசி மூன்றில் ஒரு பங்கு வந்ததும், டேம்பரால் (இலையை அமுக்கும் சிறு கருவியால்) அழுத்துவதை நிறுத்திவிட்டு, சாம்பலைக் கொட்டி, மீதியை ஊசிமுனையால் மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். நடுவில் ஒருமுறையாவது பைப் கிளீனரைக் கிண்ணத்தின் அடி வரை விட்டு எடுங்கள். அது நனைந்து வருமளவுக்குக் கசடு குறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் எப்போதும் ஒரே அளவு மிஞ்சினால், புகைத் துளை கிண்ணத்தின் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் திறக்கிறது என்று விளக்கொளியில் பாருங்கள். துளைக்குக் கீழே இழுப்பே இருக்காது என்பதால், அங்கே கிடக்கும் இலை என்ன செய்தாலும் எரியாது. அப்படிப்பட்ட சுங்கானில் கங்கு துளையின் மட்டத்துக்கு இறங்கியதும் நிறுத்திக்கொண்டு, மீதியைத் தட்டிவிடுங்கள்.

வினா எழுப்பியவர்: இலைச்சருகு

இப்போதுதான் பார்த்தேன். துளை தரையிலிருந்து ஓர் அரிசியின் நீளத்துக்கு மேலே இருக்கிறது. மிஞ்சுவதும் சரியாக அந்த அளவுதான்.